வினிகருக்குத் தெரியாத வித்தியாசம்

சித்தி வீட்டுக் குளியலறையில் வாஷ்பேசினைச் சுற்றி வெள்ளை மார்பிள் மேடை. அதில் குழாய்க்கு இடப்பக்கம் உள்ளங்கை அளவுக்கு ஒரு மங்கல் இருக்கிறது. நேராக நின்று பார்த்தால் தெரியாது. முகம் கழுவக் குனியும்போது, ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழுகிற கோணத்தில் மற்ற இடமெல்லாம் பளபளக்க, அந்த இடம் மட்டும் மூச்சுக்காற்று பட்ட கண்ணாடிபோல மங்கிக் கிடக்கும். இன்னும் கிட்டப் போனால் அதற்கு ஓர் உருவம் இருப்பதும் புரியும். மூன்று பக்கம் நேர்கோடு, ஒரு மூலையில் மட்டும் முக்கோணமாக ஒரு மடிப்பு. நான்காக மடித்துப் போட்ட துணியின் அச்சு அது. துணியைப் போட்டது சித்தி. போடச் சொன்னது நான்.

அந்த மங்கலைப் பற்றிச் சித்தி ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதனால்தானோ என்னவோ, எனக்கு அது ஆறவில்லை. அங்கே போகும்போதெல்லாம் கை தானாக அந்த இடத்தைத் தடவிப் பார்க்கிறது. சுற்றிலும் வழவழவென்று இருக்கும் கல், அந்த இடத்தில் மட்டும் லேசாகச் சொரசொரக்கிறது.

வீட்டுக் குறிப்புகள் எனக்கு எப்போதும் பிடிக்கும். சிக்கிக்கொண்ட ஜிப்பில் ஒரு மெழுகுவத்தித் துண்டைத் தேய்த்து, மறு நொடி அது வழுக்கிக்கொண்டு மேலே ஏறுவதைப் பார்க்கும்போது வரும் சந்தோஷம் சின்னது இல்லை. ஆணி அடிக்கும்போது விரலில் அடி படாமல் இருக்க ஆணியைச் சீப்பின் பற்களுக்கு நடுவில் செருகிப் பிடிப்பது, சுவரில் துளை போடும் முன் அதன் அடியில் ஒரு தாளைப் பாதியாக மடித்து ஒட்டித் தூசியை அதிலேயே விழவைப்பது, நகர மறுக்கும் மர இழுப்பறையின் அடியில் சோப்பைத் தேய்ப்பது என்று கையில் இருக்கும் பொருளை வைத்தே ஒரு காரியம் முடிந்துவிட்டால், வீடு நம் பேச்சைக் கேட்கிறது என்று ஒரு நிறைவு. எங்கே எது கிடைத்தாலும் எடுத்து வைத்துக்கொள்வேன். செய்து பார்த்துப் பலித்தால் யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியாது.

அப்படிப் பலித்த ஒன்றுதான் கெட்டில் விஷயம். தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டிலின் அடியில் நாள்பட்ட உப்புக்கறை, சாம்பலும் வெள்ளையுமாகத் தடித்துப்போயிருந்தது. கத்தி முனையால் சுரண்டினாலும் அசையவில்லை. பாதி தண்ணீர், பாதி வினிகர் ஊற்றிக் கொதிக்கவைத்து, அணைத்து, அப்படியே விட்டேன். மூடியைத் திறந்து பார்த்தபோது அந்தப் படிவின் மேலிருந்து பொடிப்பொடியாகக் குமிழ்கள் கிளம்பிக்கொண்டிருந்தன. அரை மணி நேரத்தில் ஓரங்கள் செதில் செதிலாகக் கழன்றன. கவிழ்த்துக் கழுவினால் அடியில் எஃகு புதிதாக மின்னியது. தேய்க்கவே இல்லை. அன்று மாலையே சித்திக்குக் குரல்செய்தி அனுப்பினேன்: "சித்தி, உப்புக்கறைக்கு வினிகர்தான். ஊத்தி அப்படியே விட்டுடுங்க, தேய்க்கவே வேணாம்."

ஒரு வாரம் கழித்துச் சித்தி கூப்பிட்டார். குரல் வழக்கம்போல்தான் இருந்தது. "கண்ணு, குழாயைச் சுத்தி மேடையில உப்புக்கறை இருந்துச்சுல்ல, நீ சொன்ன மாதிரியே துணிய வினிகர்ல நனைச்சு ஒரு மணி நேரம் போட்டு வெச்சேன். கறை போயிடுச்சு. ஆனா பளபளப்பும் போயிடுச்சே, அது திரும்ப வருமா?"

வரும் என்றேன். ஈரம் காய்ந்தால் சரியாகிவிடும் என்றும் சொன்னேன். எதுவும் தெரியாமல் சொன்ன வார்த்தை அது. மறுநாள் நேரில் போய்ப் பார்த்தேன். காய்ந்தும் சரியாகவில்லை. ஏதாவது எண்ணெய் தடவலாமா, பற்பசை போட்டுத் தேய்க்கலாமா என்று அந்த இடத்தில் நின்றுகொண்டே அடுத்தடுத்த குறிப்புகளை யோசித்துக்கொண்டிருந்தேன். சித்தி என் கையைப் பிடித்தார். "இரு. முதல்ல இது ஏன் இப்படி ஆச்சுன்னு பாரு. அப்புறம் தேய்க்கலாம்."

அந்த நேரத்தில் எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. எத்தனையோ குறிப்புகள் சேர்த்து வைத்திருந்தேன். ஒன்றுக்காவது இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேனா என்று வீடு திரும்பும் வழியெல்லாம் மனசு ஓடியது. கேட்டதே இல்லை. பலிக்கிறதா, இல்லையா. அதோடு நிறுத்திக்கொள்வேன்.

உப்பு என்று பெயர் வைத்ததில் வந்த வினை

ராத்திரி உட்கார்ந்து படித்தபோது முதலில் புரிந்தது, உப்புக்கறையில் நாம் நினைக்கும் உப்பு இல்லை என்பது. சாப்பாட்டு உப்பாக இருந்தால் தண்ணீர் பட்டதுமே கரைந்திருக்கும். தண்ணீர் புழங்கும் இடத்தில் தண்ணீரிலேயே கரையும் கறை எப்படித் தங்கும்? அது சுண்ணாம்பு. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கும் கரியமில வாயுவைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. சுண்ணாம்புப் பாறை வழியாக இறங்கும்போது அந்தப் பாறையையும் கொஞ்சம் கரைத்து எடுத்துக்கொள்கிறது. அந்தத் தண்ணீர் கெட்டிலில் கொதிக்கும்போதோ மேடையில் சொட்டிக் காயும்போதோ, கரியமில வாயு வெளியேறிவிடுகிறது. அதைப் பிடித்துக்கொண்டு கரைந்திருந்த சுண்ணாம்பு மறுபடி கல்லாகப் படிந்துவிடுகிறது. வேதியியலில் அதன் பெயர் கால்சியம் கார்பனேட்.

வினிகரில் சுமார் 5 சதவீதம் அசிட்டிக் அமிலம். அது கால்சியம் கார்பனேட்டைத் தொட்டதும் கரியமில வாயு குமிழாக வெளியேறுகிறது, மிச்சம் தண்ணீரில் கரையும் பொருளாகிவிடுகிறது. கெட்டிலில் நான் பார்த்து மகிழ்ந்த பொடிக்குமிழ்கள் அவைதான். கறையை வினிகர் 'எடுக்கவில்லை', கல்லைத் தின்றது.

மார்பிள் என்ன என்று அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். சுண்ணாம்புப் பாறை பூமிக்கடியில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் கிடந்து, படிகங்கள் மறுபடி ஒழுங்காகி இறுகியதுதான் மார்பிள். அதுவும் கால்சியம் கார்பனேட்தான். கறை எதுவோ அதுவே கல். சித்தி போட்ட துணிக்கு அடியில் இருந்த வினிகர், மேலே படிந்த சுண்ணாம்பை முடித்துவிட்டு, கீழே இருந்த சுண்ணாம்பிலும் அதே வேலையைத் தொடர்ந்தது. அதற்கு வித்தியாசம் தெரிய வழியே இல்லை. மெருகேற்றிய கல்லின் மேற்பரப்பு சமதளமாக இருப்பதால்தான் வெளிச்சம் அதில் பட்டு ஒரே திசையில் திரும்பிப் பளபளக்கிறது. அந்தச் சமதளத்தை அமிலம் குண்டும் குழியுமாக்கிவிட்டது, வெளிச்சம் சிதறுகிறது, நமக்கு மங்கலாகத் தெரிகிறது. எண்ணெய் தடவினாலும் பற்பசை தேய்த்தாலும் இழந்த கல் திரும்ப வராது. மறுபடி நைஸாக இழைத்து மெருகேற்றினால்தான் உண்டு.

என்னை உலுக்கியது இதுதான். கெட்டிலில் அந்தக் குறிப்பு ஏன் பலித்ததோ, அதே காரணத்தால்தான் மேடை பாழானது. குறிப்பு பொய்யில்லை. முழுக்க முழுக்க உண்மையான குறிப்பு. நான் சித்திக்கு அதில் பாதியை மட்டும் கொடுத்தேன். உப்புக்கறை என்பதற்குப் பதில் சுண்ணாம்புக்கறை என்று சொல்லும் பழக்கம் நமக்கு இருந்திருந்தால், சுண்ணாம்புக் கல்மேல் அதை ஊற்றலாமா என்று எங்கள் இருவரில் ஒருவருக்காவது தோன்றியிருக்கும் என்று இப்போதும் நினைக்கிறேன். மருந்து போய்ச் சேர்ந்தது, பத்தியம் போய்ச் சேரவில்லை.

நுரை

அதற்குப் பிறகு நான் சேர்த்து வைத்திருந்த குறிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து 'நீ ஏன் வேலை செய்கிறாய்' என்று கேட்க ஆரம்பித்தேன். முதலில் மாட்டியது, அடைத்துக்கொண்ட சிங்க்கில் சமையல் சோடாவைக் கொட்டி மேலே வினிகர் ஊற்றும் குறிப்பு. பார்ப்பதற்கு அதைப்போல ஒன்று கிடையாது. ஊற்றியதும் புஸ்ஸென்று நுரை பொங்கி மேலே வரும். உள்ளே ஏதோ பெரிய போர் நடப்பதுபோல இருக்கும். நானே பத்துத் தடவை செய்திருப்பேன், ஒவ்வொரு தடவையும் நம்பிக்கையோடு.

சோடா காரம், வினிகர் அமிலம். இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று முடித்துவிடும். கிடைப்பது தண்ணீர், கரியமில வாயு, கொஞ்சம் சோடியம் அசிட்டேட். அதாவது நுரை அடங்கும்போது நம் கையில் மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர். கறையோடு மோத வேண்டிய இரண்டு பேரும் தங்களுக்குள் மோதி ஓய்ந்துவிடுகிறார்கள். தனித்தனியாக இரண்டுமே நல்ல ஆட்கள்: அடிப்பிடித்த பாத்திரத்தை லேசாகச் சுரண்ட சோடா உதவும், சுண்ணாம்பைக் கரைக்க வினிகர் உதவும். சேர்த்தால் வேடிக்கை மட்டும் மிஞ்சும். மேலோட்டமாக ஒட்டியிருக்கும் அழுக்கைக் குமிழ்கள் கொஞ்சம் அசைத்துக் கொடுக்கலாம். இறுகிப்போன அடைப்பை அவை என்ன செய்யும்?

ஒருநாள் நுரையை நம்பாமல், சிங்க்குக்குக் கீழே ஒரு பக்கெட்டை வைத்து, வளைவுக் குழாயின் மரையைக் கையால் திருகிக் கழற்றினேன். கறுப்புத் தண்ணீர் சளக்கென்று கொட்டியது. குழாயின் வளைவுக்குள் விரலை விட்டபோது, மெழுகு மாதிரி கெட்டிப்பட்ட எண்ணெய்ப் பிசுக்கு. நடுவில் நார்நாராக ஏதோ சிக்கி, முழு உருண்டையாக வெளியே வந்தது. இதன்மேல் எத்தனை லிட்டர் வினிகர் ஊற்றியிருந்தாலும் மேலே வழிந்து போயிருக்கும். கொழுப்புக்கு வேண்டியது சூடான தண்ணீரும் பாத்திரம் கழுவும் சோப்பும், இல்லையென்றால் கை. அந்த U வளைவு ஏன் அப்படி வளைந்திருக்கிறது என்பதும் அன்றைக்குத்தான் உறைத்தது. சாக்கடை நாற்றம் மேலே வராமல் இருக்க அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும். நாள்கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தால் குளியலறையில் நாற்றம் அடிப்பதற்குப் பல சமயம் காரணம், அந்தத் தண்ணீர் காய்ந்துபோனதுதான். ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் நாற்றம் நின்றுவிடும். எனக்குத் தெரிந்த குறிப்புகளிலேயே மலிவானது இது.

திறக்காத மூடி

எல்லாக் குறிப்பும் இப்படி உதிர்ந்துவிடவில்லை. காரணம் தெரிந்த பிறகு முன்பைவிடக் கெட்டியாக நின்றவையும் உண்டு. கண்ணாடி ஜாடியின் உலோக மூடி திறக்கவில்லை என்றால் ஒருவர் ரப்பர் பேண்ட் சுற்றச் சொல்வார், ஒருவர் சுடுதண்ணீரில் பிடிக்கச் சொல்வார், ஒருவர் கரண்டியால் நெம்பச் சொல்வார். எது சரி என்று முன்பெல்லாம் ஒவ்வொன்றாகச் செய்து பார்ப்பேன். இப்போது மூடியின் நோயைப் பார்க்கிறேன். கை வழுக்குகிறதா? அப்படியானால் பிடிப்பு போதவில்லை, ரப்பர் பேண்ட் போதும். கை வழுக்கவில்லை, புது ஜாடி, மூடியின் நடு உள்ளே குழிந்திருக்கிறதா? சூடாக நிரப்பி மூடி, உள்ளே இருந்த நீராவி குளிர்ந்து சுருங்கியதால் உள்ளே அழுத்தம் குறைந்து, வெளிக்காற்று மூடியை அழுத்திப் பிடித்திருக்கிறது. கரண்டிக் காம்பை மூடியின் ஓரத்தில் கொடுத்து லேசாக நெம்பினால் 'டக்' என்று ஒரு சத்தம். காற்று உள்ளே போன சத்தம் அது. அதன்பின் குழந்தைகூடத் திறந்துவிடும். ஏற்கெனவே திறந்த ஜாடி, மரையில் இனிப்பு வழிந்து காய்ந்து ஒட்டியிருக்கிறதா? சுடுதண்ணீரில் மூடியை மட்டும் காட்ட வேண்டும். ஒட்டியது இளகும், உலோகம் கண்ணாடியைவிட அதிகமாக விரிவதால் மூடியும் ஒரு மயிரிழை தளரும். மூன்று குறிப்பும் சரி. மூன்றும் ஒரே நோய்க்கு இல்லை.

ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய கண்ணாடி டம்ளர்கள் பிரியாமல் சிக்கிக்கொள்வதும் இதே கதைதான். உள்ளே இருக்கும் டம்ளரில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றி, வெளியே இருப்பதை வெதுவெதுப்பான தண்ணீரில் நிற்கவைத்தால், உள்ளது சுருங்கும், வெளியது விரியும். மெல்லத் திருகினால் வந்துவிடும். 'இன்னும் சூடாக ஊற்றினால் இன்னும் சீக்கிரம் வருமே' என்று தோன்றும். காரணம் தெரிந்தவருக்கு ஆபத்தும் தெரியும்: ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் விரியாமல் நின்றால் கண்ணாடி கீறிவிடும். வெதுவெதுப்பு போதும்.

பூட்டில் எனக்கு ஒரு பாடம் நேர்ந்தது. சாவி இறுக்கமாகத் திரும்புகிறதே என்று சமையல் எண்ணெய் நான்கு சொட்டு விட்டேன். வெண்ணெய்போலத் திரும்பியது. சில வாரங்களில் சாவி உள்ளே போகவே மறுத்தது. பூட்டுக்குள் சின்னச் சின்ன முளைகள் சுருள்வில்லின் மேல் ஏறி இறங்குகின்றன. சமையல் எண்ணெய் காற்றுப் பட்டுப் பட்டுப் பிசினாகிறது, வருகிற தூசியையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்கிறது. முளைகள் அந்தக் களிம்பில் சிக்கிக்கொள்கின்றன. அங்கே தேவை ஈரமில்லாத வழுக்கல். பென்சில் முனையில் இருப்பது கிராஃபைட்டும் களிமண்ணும். கிராஃபைட்டின் அணுக்கள் தாள் தாளாக அடுக்கியிருப்பவை, ஒன்றின்மேல் ஒன்று சறுக்கும். காகிதத்தில் அது எழுதுவதே அப்படிச் சறுக்கி ஒரு படலத்தை விட்டுப்போவதால்தான். பென்சிலைச் சாவியின் இரண்டு பக்கமும், பற்களிலும், கறுப்பாகும்வரை தேய்த்து உள்ளே விட்டு நாலைந்து முறை எடுத்தால், லேசான இறுக்கத்துக்கு அது போதும். ஏற்கெனவே எண்ணெய் விட்ட பூட்டுக்கு இது உதவாது, பிசினோடு பிசினாகிவிடும். எனக்கு உதவவில்லை, பூட்டையே மாற்ற வேண்டியதாயிற்று.

தண்ணீரில் விழுந்த போனை அரிசியில் புதைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். போனின் இடுக்குக்குள் இருக்கும் தண்ணீரை வெளியே இருக்கும் அரிசி உறிஞ்சி இழுக்காது, காற்றோட்டமான இடத்தில் வைப்பதே மேல். அரிசியின் துணுக்குகள் உள்ளே போய்ச் சேதப்படுத்தக்கூடும், அப்படி வைக்காதீர்கள் என்று ஆப்பிள் நிறுவனம் 2024-இல் தன் வழிகாட்டலிலேயே சொல்லிவிட்டது. பற்பசையால் மூக்குக்கண்ணாடியின் கீறலைத் தேய்ப்பதும் வேண்டாம். பற்பசையில் இருப்பது மென்மையான உராய்வுப் பொடி. அது கீறலை நிரப்பாது, சுற்றியிருக்கும் பூச்சைத்தான் சுரண்டும்.

மேடையைவிடப் பெரிய இழப்பு

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். கழிவறை சுத்தம் செய்யும்போது 'இதுவும் நல்லா சுத்தம் பண்ணும், அதுவும் நல்லா சுத்தம் பண்ணும், ரெண்டையும் சேத்து ஊத்தினா இன்னும் நல்லா இருக்கும்' என்று தோன்றுவது இயல்பு. ப்ளீச்சோடு வினிகரையோ வேறு எந்த அமிலத்தையோ சேர்க்கவே கூடாது. ப்ளீச்சில் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட். அமிலம் பட்டதும் அதிலிருந்து குளோரின் வாயு கிளம்புகிறது. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் பதுங்குகுழிகளில் இருந்த வீரர்கள்மேல் திறந்துவிடப்பட்டது இதே வாயு. ஜன்னல் இல்லாத ஒரு சின்னக் குளியலறையில், கதவை மூடிக்கொண்டு, குனிந்து தேய்த்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அது எவ்வளவு பக்கத்தில் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ப்ளீச்சோடு அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் சேர்ந்தாலும் குளோரமின் என்ற நச்சு வாயு வரும். கழிவறைக்கென்று விற்கும் திரவங்களில் பல அமிலம்தான். பாட்டிலின் பின்பக்கச் சிறு எழுத்தைப் படிக்காமல் எதையும் எதோடும் சேர்க்காதீர்கள். தெரியாமல் சேர்த்து, கண் எரிந்து மூச்சு அடைத்தால், தண்ணீர் ஊற்றிச் சரிசெய்கிறேன் என்று நிற்காமல் உடனே வெளியே நல்ல காற்றுக்குப் போய்விட வேண்டும், மருத்துவ உதவி கேட்க வேண்டும்.

சித்தியிடம் நான் சொன்னது "கறைக்கு வினிகர்". அவர் அன்றைக்கு மேடையைக் கழுவ ப்ளீச் எடுத்திருந்தால்? இந்த நினைப்பு ஒருநாள் நடுராத்திரியில் வந்தது. மங்கல் விழுந்த கல்லை அதற்குப் பிறகு நான் வேறு மாதிரிப் பார்க்கிறேன். நல்லவேளை, போனது மெருகு.

யாருடைய குறிப்பு

இப்படிப்பட்ட குறிப்புகளுக்கு இன்று வழங்கும் 'லைஃப் ஹாக்' என்ற ஆங்கிலச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் டேனி ஓ'பிரையன் என்ற தொழில்நுட்ப எழுத்தாளர், 2004-இல் ஒரு மாநாட்டில். நிறைய வேலையை அநாயாசமாக முடிக்கும் கணினி வல்லுநர்கள் தங்களுக்கென்று, தங்கள் சிக்கலுக்கு மட்டும், சின்னச் சின்ன நிரல்களை எழுதி வைத்திருப்பதைப் பற்றி அவர் பேசினார். வெளியே காட்டக் கூச்சப்படும் அளவுக்கு ஒட்டுப்போட்ட வேலைகள் அவை. எனக்கு இதில் பிடித்தது அந்தக் கூச்சம். எழுதியவருக்கு அது எங்கே பலிக்கும், எங்கே உடையும் என்று தெரியும். அதனால்தான் ஊருக்குக் கொடுக்கத் தயங்கினார். இன்று முப்பது வினாடி வீடியோவில் வரும் குறிப்புக்கு அந்தத் தயக்கம் கிடையாது. செய்தவரின் கெட்டிலும் அவருடைய தண்ணீரும் படத்துக்கு வெளியே நின்றுவிடுகின்றன.

இதற்கு நேரெதிராக நான் நினைத்துக்கொள்வது வெஸ்டா ஸ்டவுட் என்ற பெண்மணியை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒரு தளவாடத் தொழிற்சாலையில் வெடிபொருள் பெட்டிகளைச் சோதித்துக் கட்டும் வேலை. அவருடைய இரண்டு மகன்கள் கடற்படையில். பெட்டியைக் காகித டேப்பால் ஒட்டி, தண்ணீர் புகாமல் இருக்க மெழுகில் முக்குவார்கள். திறக்க இழுக்கும் முனையும் காகிதம்தான். இழுத்தால் அது கிழிந்து கையோடு வந்துவிடும், பெட்டி திறக்காது. எதிரி சுடும்போது ஒரு சிப்பாய் அந்தப் பெட்டியோடு மல்லாட வேண்டும். காகிதத்துக்குப் பதில் தண்ணீர் புகாத துணி டேப் போட்டால் என்ன என்று மேலதிகாரிகளிடம் சொல்லிப் பார்த்தார். அசையவில்லை. 1943 பிப்ரவரியில் படம் வரைந்து அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கே கடிதம் எழுதினார். கடிதம் போர்த் தளவாட உற்பத்தி வாரியத்துக்குப் போய், ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் அந்த டேப்பைத் தயாரித்தது. இன்று வீடுகளில் எதை ஒட்டவும் எடுக்கும் டக்ட் டேப்பின் தொடக்கம் அது. அவர் கடிதத்தில் அனுப்பியது 'இதை ஒட்டுங்கள்' என்பது மட்டும் இல்லை. எது கிழிகிறது, ஏன் கிழிகிறது, கிழிந்தால் யாருக்கு என்ன ஆகும் என்பதையும் சேர்த்து அனுப்பினார்.

போன மாதம் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். கறுத்துப்போன வெள்ளிக் கரண்டிகளைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்திருந்தார். "இதுக்கு ஏதாவது சொல்லேன்" என்றார். மார்பிள் விஷயத்துக்குப் பிறகு என்னிடம் அவர் கேட்ட முதல் குறிப்பு. எனக்குத் தொண்டை அடைத்தது.

கண்ணாடிக் கிண்ணத்தின் அடியில் அலுமினியத் தாளை விரித்தேன். கரண்டிகளை அதன்மேல் படும்படி வைத்தேன். சமையல் சோடா ஒரு மேசைக்கரண்டி போட்டு, கொதிநீரை ஊற்றினேன். ஊற்றிக்கொண்டே சொன்னேன், இந்த முறை முழுசாக. வெள்ளியின் கறுப்பு அழுக்கு இல்லை. காற்றில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்ஃபைடு ஆனதுதான் அது. பாலிஷ் போட்டுத் தேய்க்கும்போது அந்தப் படலத்தோடு கொஞ்சம் வெள்ளியும் போகிறது. இங்கே அலுமினியம் எலக்ட்ரான்களைக் கொடுக்கிறது. சோடா கலந்த தண்ணீர், அலுமினியத்தின் மேலிருக்கும் ஆக்சைடு தோலைக் கரைத்து, மின்னோட்டத்துக்கு வழியும் விடுகிறது. கந்தகம் வெள்ளியை விட்டு விலக, வெள்ளி மறுபடி வெள்ளியாகவே கரண்டியில் நிற்கிறது. தாளைத் தொடாத கரண்டிக்கு வேலை நடக்காது. லேசாக அழுகிய முட்டை நாற்றம் வரும், அதுதான் கந்தகம், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளணும்.

சித்தி குனிந்து கிண்ணத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கரண்டியின் காம்பில் கறுப்பு, நிழல் விலகுவதுபோல ஓரத்திலிருந்து உள்நோக்கி வெளுத்துக்கொண்டே போனது. நாற்றமும் வந்தது. அவர் கையில் இன்னொன்றை எடுத்து வைத்திருந்தார், அடுத்துப் போட. விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளிச் சிமிழ். மூடி முழுக்கக் கொடியும் பூவுமாகச் செதுக்கியது. பள்ளங்களில் கறுப்பு ஏற்றியிருந்ததால்தான் பூக்கள் எழும்பித் தெரிந்தன.

கிண்ணத்தின் மேல் கையைக் கொண்டுபோனவர் நிறுத்தினார். சிமிழை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"இந்தப் பூவுக்குள்ள இருக்கிற கறுப்பு வேணும்னே விட்டதுல்ல. அதுவும் அந்தக் கந்தகம்தானா?"

பெரும்பாலும் அப்படித்தான் செய்வார்கள், சித்தி என்றேன்.

"அப்போ இது அதையும் எடுத்துடும்."

"எடுத்துடும்."

சிமிழைப் புடவை முந்தானையால் துடைத்து, மேசையின் அந்தப் பக்கம், தண்ணீர் தெறிக்காத தூரத்தில் வைத்தார். அப்புறம் ஒரு கரண்டியை எடுத்து, முழு நீளமும் அலுமினியத் தாளில் படும்படி, மெதுவாக உள்ளே இறக்கினார்.